புது டிவியில் பேச்சு விளங்கவில்லை

மகள் வாங்கிக் கொடுத்த டிவியை, அது வீட்டுக்கு வந்த அன்றைக்கே நான் திட்டிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? படம் என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு தெளிவு. பேச்சுத்தான் விளங்கவில்லை. செய்தி வாசிக்கிற பெண் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருந்தது. ரிமோட்டை அழுத்தி அழுத்திச் சத்தத்தை நூறு வரைக்கும் ஏற்றினேன். சத்தம் கூடியதே தவிர சொல் பிரியவில்லை.

"எந்தக் கூறுகெட்டவன் செஞ்சான் இத? ஸ்பீக்கரக் கொண்டுபோயி செவுத்தப் பாத்து வச்சிருக்கான்!" என்று கத்தினேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். திரும்பவும் உள்ளே போய்விட்டாள்.

சாதாரண நாளாக இருந்தால் இரண்டு நாள் கத்திவிட்டு விட்டிருப்பேன். ஆனால் விஷயம் வேறு. மகள் தேனியில் பள்ளிக்கூட ஆசிரியை. கட்டிக்கொடுத்த இடமும் தேனிதான். சின்ன வயதிலிருந்தே மேடையில் நன்றாகப் பேசுவாள். அவளை ஒரு டிவி பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புது டிவி வந்த நாலாம் நாள் மதுரையில் போய்ப் பேசிப் படம்பிடிப்பும் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒளிபரப்பு. என்ன பேசினாய் ஆத்தா என்று கேட்டதற்கு, "டிவியில பாத்துக்கங்கப்பா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்தே கூன் விழுந்த எனக்கு, என் பிள்ளை நாடு முழுக்கக் கேட்கப் பேசுகிறாள் என்றால் எப்படி இருக்கும்? அதில் ஒரு சொல்லைக்கூட நான் சிந்தவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அதற்கு வழி என் வீட்டிலேயே இருந்தது. பழைய ஹோம் தியேட்டர். கறுப்பு ரிசீவர் ஒன்று, நெல் மரக்கால் உயரத்தில் ஐந்து ஸ்பீக்கர், மூலையில் ஒரு ஊஃபர். பழைய டப்பா டிவிக்கு அதைத்தான் மாட்டியிருந்தேன். தோட்டத்திலிருந்து வந்து அதைத் தட்டிவிட்டால் ஜன்னல் கம்பி அதிரும். பேச்சும் அதில்தான் எனக்குப் பிடிபடும். புது டிவி வந்ததும் டப்பா டிவியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். ரிசீவர் மேல் மட்டும் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் நானே மாட்டிவிடலாம் என்று சிவப்பு வெள்ளை ஒயரை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். சொருக இடமில்லை. தடவிப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டை தட்டையாக நாலைந்து துளை, சதுரமாக ஒரு குட்டித் துளை, அவ்வளவுதான். சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஒரு டிவி, அதற்குச் சத்தத்தை வெளியே விட வழியே வைக்கவில்லை! வாங்கிய கடைக்குப் போன் போட்டால், அந்தப் பையன், "அத மியூசியத்துல குடுத்துருங்க சார், சவுண்ட் பார் வாங்கிக்கங்க" என்றான். நான் அவனைச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் கம்பத்திலிருந்து மெக்கானிக் பாயை வரவழைத்தேன். டிவி, ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அவர்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர். பொறுமைசாலி, இல்லாவிட்டால் என்னிடம் இத்தனை வருடம் பழகியிருக்க முடியாது. டிவியின் பின்பக்கத்தைப் பார்த்தார், ரிசீவரின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"செவப்பு வெள்ளையெல்லாம் இப்ப எடுத்துட்டாகண்ணே. ஆனா இந்தச் சதுரத் தொள ரெண்டுலயும் இருக்கு. ஆப்டிகல் ஒயர் போட்டுருவோம்" என்று பையிலிருந்து நூல் மாதிரி ஓர் ஒயரை எடுத்தார். அதன் ஒரு முனையை டிவியில் சொருகினார். மறு முனையில் சிவப்பாக வெளிச்சம் வந்தது.

"என்ன பாய், லைட்டு எரியுது?"

"சத்தம் அதுலதாண்ணே போகுது."

"வெளிச்சத்துலயா?"

"வெளிச்சத்துலதான்."

நான் அந்த முனையை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன். சூடுகூட இல்லை. ஒரு மனுஷன் பேசுகிற பேச்சு வெளிச்சமாக மாறிப் போகிறதாம். அம்பத்தெட்டு வயதுக்கு இது எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

ரிசீவர் பக்கத்தையும் சொருகினார். சத்தம் வரவில்லை. டிவியில் செட்டிங்ஸ், அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று போய் எதையோ மாற்றினார். அப்போதும் வரவில்லை. நான் ஆரம்பித்துவிட்டேன். "வெளிச்சம் கிளிச்சம்னு சொல்லும்போதே நெனச்சேன்." பாய் ரிசீவரில் சொருகிய முனையைப் பிடுங்கிப் பார்த்தார். பேனா மூடி மாதிரி, கண்ணுக்கே தெரியாத கண்ணாடி நிறத்தில் ஒரு குட்டி மூடி அதன் நுனியில் இருந்தது. டிவிப் பக்கத்து மூடியைக் கழற்றியவர் இதைக் கழற்ற மறந்திருக்கிறார். "கையில வாங்கிப் பாத்தீகளே, நீங்களாச்சும் சொல்லக் கூடாதாண்ணே?" என்று சிரித்தார். மூடியைக் கழற்றியதும் கரகரவென்று கல் அரைக்கிற சத்தம் வந்தது. பழைய ரிசீவருக்குப் புது டிவி அனுப்புகிற முறை புரியவில்லையாம். செட்டிங்ஸில் பிசிஎம் என்று ஒன்றை வைத்தார். உடனே வீடே அதிர்ந்தது.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் நெஞ்சில் வந்து முட்டியது. ஆனால் பேச்சு? அதே வெற்றிலை வாய்தான்.

"பாய், இன்னும் பேச்சு விளங்கலையே."

பாய் என் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. "மேல இருக்குற குட்டி ஸ்பீக்கர் போயிருச்சு பாய், அதான். கீச்சுச் சத்தமெல்லாம் அதுலதான வரும்? சும்மா கெடந்ததுல செத்துப்போச்சு" என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

"சோதிச்சுருவோம்ணே" என்றார். தன் செல்போனை ஓர் ஒயரால் ரிசீவரில் மாட்டினார். ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கென்றே ஒரு விசில் சத்தம் அதில் இருக்கிறதாம். குட்டி ஸ்பீக்கர் செத்திருந்தால் வராது, உயிரோடு இருந்தால் வரும். நான் இடப்பக்க ஸ்பீக்கருக்கு முன்னால் மண்டி போட்டு, காதை அதில் ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"போடுங்க பாய்."

ஒன்றுமில்லை.

"போடுங்கங்கிறேன்ல, எதுக்குச் சும்மா நிக்கிறீக?"

திரும்பிப் பார்த்தேன். மனைவி அடுப்படி நிலையில் நின்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். நாற்காலிக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு வாசல் தாண்டி ஓடியது. பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேலே தலை நீட்டினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டு, என்னவோ கேட்டாள். பாய் மட்டும் அசையாமல் செல்போனைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர்களுக்கெல்லாம் என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பாய் திரையில் விரலை வைத்து, விசிலின் கீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தார். இழுக்க இழுக்க, எங்கேயோ தூரத்தில் பிறந்து, கூ என்று ஒரு விசில் வந்தது.

"ஆங், வந்துருச்சு! இப்பத்தான் வந்துருக்கு" என்றேன் சந்தோஷமாக.

"அண்ணே" என்றார் பாய். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது மொதல்லருந்தே வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

மண்டி போட்டவன் மண்டி போட்டபடியே இருந்தேன். முதலில் வைத்த அதே விசிலை வலப்பக்க ஸ்பீக்கரில் வையுங்கள் என்றேன். வைத்தார். நடு ஸ்பீக்கரில் வையுங்கள் என்றேன். அதிலும் வைத்தார். மூன்றிலும் மனைவி காதைப் பொத்தினாள், நான் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். மறு காதையும் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஸ்பீக்கர் சாகவில்லை. என் காதுதான் செத்திருக்கிறது. அடப்பாவி, என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன்.

"தோட்டத்துல மருந்தடிக்கிற எஞ்சினு யாருண்ணே பாப்பாக?" என்று பாய் கேட்டார்.

யார் பார்ப்பார்கள்? நான்தான். திராட்சைக்கு மழைக் காலம் வந்தால் ஒன்று விட்டு ஒரு நாள் மருந்தடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இருவர் வேலை அது. ஒருவன் நீள ஹோஸை இழுத்துக்கொண்டு பந்தலின் கோடியில் அடிப்பான், ஒருவன் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று மருந்து கலக்குவான். முப்பது வருடமாக எஞ்சின் பக்கம் நின்றவன் நான். துண்டை மூக்கையும் வாயையும் மூடி இறுக்கிக் கட்டிக்கொள்வேன். காதை மட்டும் மூட மாட்டேன். மூடினால் கோடியில் இருப்பவன் "நிறுத்து" என்று கூப்பிடுவது கேட்காதே! அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் திறந்து வைத்தேன். மருந்து உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டேன், சத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இதை நினைத்தபோது சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பாய் போன பிறகு மனைவியிடம், "ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். நான், மனைவி, பக்கத்து வீட்டு மதினி. ரிசீவரைப் போடவே வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போட்டேன். வீட்டுக்கு வந்த கருவிகள் உறவை வளர்த்தனவா, குலைத்தனவா என்று தலைப்பு. மகள் மூன்றாவதாக எழுந்தாள். பச்சைப் பட்டுச் சேலை, கழுத்தில் அவள் அம்மாவின் சங்கிலி. அவள் குரல் வந்தது. அது அவள் குரல்தான், அது எனக்குத் தெரியாதா? ஆனால் குரல்தான் வந்தது, சொல் வரவில்லை. மனைவியும் மதினியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒரு நொடி பிந்தி. இந்த ஒரு நாளுக்காகத்தானே அவ்வளவு பாடும்?

மனைவி கவனித்துவிட்டாள். நாற்காலியை என் பக்கத்தில் நெருக்கிப் போட்டாள். என் காதுக்குள் வாயை வைத்து, மகள் சொல்லச் சொல்லத் தானும் சொல்ல ஆரம்பித்தாள். "செல்போனு வந்ததுனால மாமியா மருமக சண்டை கொறஞ்சுபோச்சுங்கிறா. ஏன்னா ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையாம்." மேடையில் பேசுவது மகள், காதில் கேட்பது மனைவி. அப்படித்தான் அன்றைக்கு நான் அதைக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

திடீரென்று மனைவி நிறுத்திவிட்டாள். டிவியில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"என்னடி சொன்னா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுடிங்கிறேன்!"

அவள் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க அப்பா டிவி பாத்தா ஊரே டிவி பாக்கும்ங்கிறா. காது கேக்கலைன்னு ஒத்துக்கிற மாட்டாரு, டிவி சரியில்லைம்பாரு. சரின்னு புது டிவி வாங்கிக் குடுத்தேன், இப்ப டிவி செஞ்சவன் கூறுகெட்டவன்ம்பாருங்கிறா." கூட்டத்தின் சிரிப்பு அடங்கியது. மகள் டிவியில் கையை மடக்கிக்கொண்டு மெதுவாக என்னமோ சொன்னாள். மனைவியின் குரலும் தணிந்தது. "அது மருந்தடிக்கிற எஞ்சினுக்குப் பக்கத்துல முப்பது வருசம் நின்ன காது. அந்தச் சத்தத்துலதான் நான் படிச்சேன்னு சொல்றா." அதற்குப் பிறகு கை தட்டினார்கள். அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

நான் ஆடிப்போய்விட்டேன். நேற்றுத்தான் எனக்கே தெரிந்த சங்கதி. இவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மேடை ஏறி நாட்டுக்கே சொல்லியிருக்கிறாள். மதினிக்குத் தெரிகிறது, பாய்க்குத் தெரிகிறது, கட்டினவளுக்குத் தெரிகிறது. ஊரில் தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் மகள் அம்மாவின் போனுக்குத்தான் கூப்பிட்டாள். நான் பிடுங்கிக்கொண்டேன். பாராட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஏண்டி, ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சுச்சே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியலையா ஒனக்கு?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். ஆகவில்லை. மறுபடியும் காதில் வைத்தபோது அவள் அழுதுகொண்டே, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கத்தினாள்.

"சொன்னேம்ப்பா. ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."