பேர் சொல்லாமல் விட்ட ஒரு கை தண்ணீர்

எங்களுக்கு முதலில் பிறந்தது ஆண் குழந்தை. ஒன்பது நாள் இருந்தது. பேர் வைப்பதற்குள் போய்விட்டது.

அமாவாசைதோறும் சங்கராபரணி ஆற்றில் இறங்கி, அப்பா பேரும் தாத்தா பேரும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவேன். கரையில் நிற்கும் என் மனைவி ஒவ்வொரு தடவையும் கேட்பாள், "நம்ம புள்ளைக்கு?" பச்சைக் குழந்தைக்குத் தர்ப்பணம் இல்லை, பேரே இல்லாமல் யாரைக் கூப்பிடுவது என்று அய்யர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் அவள் அப்படியே வீடு திரும்பினாள்.

போன தை மாதம் விதைக்கு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தோம். கல்லூரியில் படிக்கும் மகள் போனில் ஒரு ஆவணப்படம் காட்டினாள். தென் அமெரிக்காவின் அடிமுனையில், பனிக்கடலில், தோணியிலேயே குடும்பம் நடத்திய யாகான் மக்கள். தோணிக்குள் மண் பரப்பி அதன்மேல் நெருப்பை அணையாமல் காப்பார்களாம். துடுப்புப் போடுவதும், அந்தக் குளிரில் முங்கிச் சிப்பி எடுப்பதும் பெண்கள்.

"தோணில நெருப்பா? எரிஞ்சிப்பூடாதாடி?" என்றாள் மனைவி.

"உன்ன மாதிரி பால அடுப்புல வச்சிட்டு சீரியல் பாக்க மாட்டாங்கம்மா."

சின்ன வயதிலிருந்து அவர்கள் பாஷை பேசிய கடைசி அம்மாவும் இறந்துவிட்டாளாம். கடைசியில் அவள் பேசினால் பதில் சொல்ல ஆளே இல்லை. சிவனே, நீ ஒருத்தன்தானே அதைக் கேட்டிருப்பாய் என்று நினைத்தேன்.

"செத்தவங்க பேர அவங்க சொல்லவே மாட்டாங்களாம்பா. ஆனா அழுவாங்களாம்."

மனைவியின் கை நின்றது. "பேர் சொல்லாட்டி, யாருக்கு அழுவறாங்கன்னு எப்பிடித் தெரியும்?"

"அழுவறவங்களுக்குத் தெரியாதாம்மா?"

அவள் அடுத்த மல்லாட்டையை எடுத்து உடைத்தாள்.

தை அமாவாசை அன்று நான் தர்ப்பணம் முடித்ததும், அவளே முழங்கால் வரை ஆற்றில் இறங்கி அய்யரிடம் கேட்டாள். "சாமி, பேர் சொல்லாம ஒரு கை தண்ணி வுட்டுக்கட்டுமா? எம் புள்ளைக்கு."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "இது தர்ப்பணத்துல சேராதும்மா. ஆனா பெத்தவ விடற தண்ணிய வேணாம்னு சொல்ல நான் யாரு? விடுங்கோ."

அள்ளி விட்டாள். உதடு அசையவில்லை. விரலிடுக்கில் கடைசிச் சொட்டு போகும்வரை கையைத் தாழ்த்தாமல் நின்றாள்.

நானும் இன்னொரு கை அள்ளினேன், அந்தப் பாஷையைக் கடைசியாய்ப் பேசிய தோணிக்கார அம்மாவுக்கு. அவள் பேரைப் படத்தில் சொன்னார்கள், நன்றாக ஞாபகம் இருந்தது. சொல்லாமலே விட்டேன்.