டிவியில் வந்த மொட்டை

எங்கள் ராக் இசைக்குழுவில் நன்றாகப் பாடக்கூடியவன் நான் இல்லை. ஆனால் நால்வரில் நீளமான முடி எனக்குத்தான் இருந்தது. அதனால் நானே பாடகன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீடு மலேசியாவில், கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில். என் முடியைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது. பக்கத்து வீட்டு ஆன்டி ஒருநாள், "என்னாக்கா, உங்க பையன் வேல வெட்டி இல்லாம கொண்ட போடுற அளவுக்கு வளத்து வெச்சிருக்கான்?" என்று கேட்டுவிட்டார். மானம் போகிறதே என்று அம்மா பட்டென்று சொன்னாள்: "அது முருகனுக்கு நேந்துக்கிட்ட முடி. தைப்பூசத்துல எறக்கணும்."

அன்றோடு தெரு மாறிவிட்டது. என்னை முறைத்த அங்கிள்களே, "தம்பி, விரதம்லாம் எப்படிப் போகுது?" என்று விசாரித்தார்கள். கிள்ளானில் கோழிச் சோறு தின்றுவிட்டு வந்த வாயால், "முருகன் புண்ணியத்துல நல்லாப் போகுது அங்கிள்" என்பேன்.

எங்கள் முதல் சிங்கிள் அப்போதுதான் வந்திருந்தது. ஒரே பாட்டு, கேசட்டின் இரண்டு பக்கத்திலும் அதே பாட்டு. டிவியில் ஒரு தடவை வந்துவிட்டால் அம்மா என்னை மனுஷனாக மதிப்பாள் என்று எனக்கு ஒரு வெறி. அதற்கு வீடியோ வேண்டுமே. கல்யாண வீடியோ எடுக்கும் ஓர் அண்ணனைப் பிடித்தோம். போர்ட் கிள்ளான் படகுத்துறையில் முடி பறக்க நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவரோ, "கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க தம்பி" என்றார். பாதியில் மழை கொட்டியது. மீதியைத் தைப்பூசம் கழித்து எடுக்கலாம் என்று கிளம்பிவிட்டார்.

தைப்பூசத்தன்று தெருவே பஸ் பிடித்துப் பத்துமலை முருகன் கோயிலுக்குக் கிளம்பியது, என் முடியிறக்கத்தைப் பார்க்க.

"அம்மா, நீ சும்மா சொன்னதுதானே!"

"சாமி பேரச் சொல்லிட்டு அப்புறம் என்னடா சும்மா? நான் நெசமாவே வேண்டிக்கிட்டேன். உக்காரு."

கத்தி ஓடியது. நான் விசும்பி விசும்பி அழுதேன். பக்தியில் அழுகிறான் என்று ஆன்டிகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மீதி வீடியோவில் நான் சந்தனம் பூசிய மொட்டை. எங்கே போய்ச் சொல்வது! ஆனால் முடி வளர்த்த ஆண்களை டிவியில் காட்டக்கூடாது என்று அந்தச் சமயம் அரசாங்கத் தடை வந்திருந்தது. டிவி நிலையத்து அதிகாரி வீடியோவைப் பார்த்துவிட்டு, "இந்த மொட்டை மட்டும் ஓகே லா" என்றார். கூட்டாளிகள் முடி வெட்ட மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். வீடியோ அண்ணன் என் முடி பறந்த காட்சிகளை வெட்டியெறிந்தார், அவர்களைக் கழுத்துக்குக் கீழே மட்டும் காட்டினார். மிச்ச நேரத்தை, சிவப்பு இதயத்துக்குள் சுழலும் என் மொட்டையால் நிரப்பினார்.

பாட்டு டிவியில் வந்த அன்று தெருவே எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தது. முடிந்ததும் பக்கத்து வீட்டு ஆன்டி அம்மாவின் கையைப் பிடித்து, "உங்க வேண்டுதல் பலிச்சிருச்சுக்கா!" என்றார். எல்லோரும் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன்: "நான் டிவியில வரணும்னா வேண்டிக்கிட்ட?"

"இந்தப் பாட்டுக் கருமத்த விட்டுட்டு நீ போர்ட்டுல வேலைக்குப் போகணும்னு வேண்டிக்கிட்டேன். முருகனுக்கு நான் வெளக்கமாச் சொல்லல போல."

சொல்லிவிட்டு டிவியை அணைக்கப் போனவள், கையை வைத்தபடியே நின்றாள்.

"மறுபடி எப்படா போடுவாங்க?"