சமையலறைத் திறப்பில் வைத்த ரேடியேட்டர்

தண்ணீர் சூட்டைத் தணிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுத்தப் பொய். தண்ணீர் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் வேறோர் இடத்தில் இறக்கிவிட்டு வரும், அவ்வளவுதான். அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. செம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த முதல் மாடி வீட்டில் இதை நான் கற்றுக்கொண்டேன், அதுவும் என் கையாலேயே வரைந்த படத்தில்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நாவலூரில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் கணினியில் காட்டுவோம். அந்த வருடங்களில் பழைய மகாபலிபுரம் சாலையில் பொட்டலாகக் கிடந்த இடமெல்லாம் எங்கள் திரையில் நீச்சல் குளமும் தென்னை மரமுமாக நிற்கும். வாங்க வருகிறவர் கதவைத் திறந்து உள்ளே நடந்து, பால்கனியில் நின்று கடலைப் பார்ப்பதுபோல் படம் ஓடும். கடல் அங்கிருந்து தெரியாது. நாங்கள் வைத்தோம். இப்படி ஒரு நொடி ஓடுவதற்கு இருபத்தைந்து படங்களைக் கணினி ஒவ்வொன்றாய் வரைந்து தள்ள வேண்டும். அதற்குப் பெயர் ரெண்டர். ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டவே நாள் கணக்கில் ஓடும், ஓடுகிற நேரமெல்லாம் கணினி கொதிக்கும்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முழங்கால் அறுவை சிகிச்சை ஆனது. வீட்டோடு ஒருவர் இருக்க வேண்டும். யார் இருப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள், என் பக்கம். அலுவலகத்தில் நல்லவேளையாக ஒரு வழி சொன்னார்கள். வீட்டிலேயே பலமான கணினி ஒன்று வைத்துக்கொண்டு ரெண்டரை முடித்துக் கொடுத்தால் வேலையைத் தொடரலாம். மாமா, என் மாமனார், பெருந்தன்மையாகச் சம்மதித்தார்.

"தாராளமா செய்யும்மா. யாருக்கும் தொந்தரவு இல்லாம இருந்தா சரி."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. தொந்தரவு என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், கணினி மூட்டை கட்டப்படும். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் முழுநேர மருமகள்.

கணினியை ஹாலின் மூலையில் வைத்தேன். முதல் வாரமே தொந்தரவு ஆரம்பித்தது. உள்ளே இருந்த சின்ன விசிறிகள் மிக்ஸிபோல் இரைந்தன. மாமா செய்திக்காக டிவி சத்தத்தைக் கூட்டினார், அத்தைக்குத் தலைவலி வந்தது. போதாக்குறைக்குக் கணினியின் மூளையான ப்ராசஸர் சூடாகி, பாதி ரெண்டரில் கணினி தானே அணைந்தது. தண்ணீரால் குளிர்விக்கும் முறையைப் பற்றி இணையத்தில் படித்தேன். ப்ராசஸரின் தலையில் ஒரு செம்புப் பெட்டி, அதற்குள் தண்ணீர், அந்தத் தண்ணீர் குழாய் வழியாக ஒரு ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பி வரும். பெரிய விசிறி ஒன்று மெதுவாகச் சுற்றினால் போதும், சத்தமே இருக்காது. எழுதியவர்கள் எல்லோரும் குளிர்நாட்டுக்காரர்கள். ரேடியேட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டால் அறை கதகதப்பாக இருக்கிறது என்று மகிழ்ந்து எழுதியிருந்தார்கள். செம்பாக்கத்து மே மாதத்துக்கு அவர்கள் விருந்தாளியாக வந்து பார்க்கட்டும்.

கணினிக்கென்று செய்த ரேடியேட்டர் அப்போது இங்கே கிடைக்கவில்லை. காருக்குள் சூடு கொடுப்பதற்காக ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும், அது சரியான அளவு என்று தெரிந்தது. தாம்பரத்தில் கார் ஏசி பழுதுபார்க்கும் கடையில் போய்க் கேட்டேன்.

"ஹீட்டரா? இன்னாக்கா நீ, மெட்ராஸ்ல இன்னாத்துக்கு ஹீட்டரு? ஊரே ஹீட்டராத்தான கீது!" என்று கடைக்காரர் சிரித்தார். ஆனால் கழற்றிப் போட்ட ஒன்றைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். செம்புப் பெட்டியைச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தோழி கொண்டுவந்தாள். மீன் தொட்டி மோட்டாரும், தண்ணீருக்குள் போடும் தெர்மாமீட்டரும் மீன் கடையில். எங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் ஒரே மாதத்தில் உப்புப் படிந்து குழாய் அடைத்துவிடும் என்பதால், கார் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர்.

பொருள் சேர்ந்துவிட்டது. ரேடியேட்டரை எங்கே வைப்பது? வீட்டின் படத்தைத் தாளில் வரைந்தேன். பிறகு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு காலை, மதியம், சாயங்காலம் என்று மூலை மூலையாக நின்று புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். மருமகளுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதாக அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டார். நான் மறுக்கவில்லை. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த நல்ல பெயர்களில் அதுவும் ஒன்று.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஹாலின் கிழக்கு ஜன்னல். அனலை வெளியே ஊதித் தள்ளிவிடலாம். ஆனால் மதியத்துக்குமேல் கிழக்கிலிருந்து கடல்காற்று வரும். ஊதுபத்திப் புகை ஜன்னலைத் தாண்டாமல் திரும்பி என் முகத்திலேயே அடித்தது. சாண் அகல விசிறியால் வங்காள விரிகுடாவை எதிர்த்து ஊத முடியாது. தவிர, அந்த ஜன்னலடியில் மாமாவின் நாற்காலி. படுக்கையறையில் ஏசி இருந்தது. ஒரு பக்கம் காசு கொடுத்துக் குளிர வைத்துக்கொண்டு, மறுபக்கம் அதே அறையில் அனலைக் கொட்டுவது பைத்தியக்காரத்தனம். அங்கே என் கணவர் தூங்குவார் என்பது அதைவிடப் பெரிய காரணம். பால்கனியில் வெயில் நேராக ரேடியேட்டர் மேலேயே விழும், அவ்வளவு தூரம் தண்ணீரைத் தள்ள மீன் தொட்டி மோட்டாருக்குத் தெம்பும் கிடையாது.

மிஞ்சியது ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையிலிருந்த திறப்பு. அந்தக் காலத்து அடுக்குமாடி வீடுகளில், சமைத்ததை அப்படியே ஹால் பக்கம் நீட்டுவதற்காகச் சுவரில் ஒரு சதுர ஓட்டை விட்டிருப்பார்கள். அங்கே ஊதுபத்தியை நீட்டினேன். புகை கோடு போட்டதுபோல் நேராகச் சமையலறைக்குள் போய், அடுப்புக்கு மேலே மேற்குச் சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் விசிறி வழியாக வெளியேறியது. கிழக்கு ஜன்னலில் வந்த கடல்காற்று ஹாலைக் கடந்து, ரேடியேட்டரைத் துளைத்து, சூட்டை வாரிக்கொண்டு மேற்கே போய்விடும். காற்றை எதிர்க்க வேண்டாம், அதன் முதுகில் ஏறிக்கொண்டால் போதும். அந்தப் படத்தை வரைந்து முடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், நாவலூரில் நான் செய்த எந்தக் கட்டடத்திலும் ஏற்பட்டதில்லை.

விசிறியை ரேடியேட்டரோடு ஒட்டி வைத்தால் விசிறியின் நடுவிலுள்ள மோட்டார்க் குடம் மறைக்கும் இடத்தில் காற்றே போகாது. அதனால் பிஸ்கட் டின்னை வெட்டி இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டேன். ஹால் பக்கம் தூசிக்குக் கொசுவலைத் துண்டு. முதல் நாள் குழாய்க்கடியில் செய்தித்தாளை விரித்து, எங்காவது ஒழுகுகிறதா என்று மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

"தண்ணிக்கும் கரண்டுக்கும் ஆகுமா?" என்று மாமா மட்டும் கேட்டார். ரெண்டர் நிற்காமல் ஓடியது, சத்தம் அடங்கியது, அவருடைய செய்தி காதில் விழுந்தது. அதோடு அவருக்குத் திருப்தி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் கணவர் திறப்பைக் காட்டி, "நாங்க வாட்டர் கூலிங் போட்டிருக்கோம்" என்பார். அந்த 'நாங்க'வில் நானும் இருந்தேன் என்றே வைத்துக்கொள்வோம்.

ரேடியேட்டருக்கும் எக்ஸாஸ்ட் விசிறிக்கும் நடுவில் இருந்தது அடுப்பு. அடுப்பின் முன்னால் நான். வரைந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். வேலை நிலைத்தால் போதும் என்றிருந்தேன். ரெண்டர் ஓடும் நாட்களில் கழுத்தின் பின்பக்கம் அனல், முகத்தில் அடுப்பு. கேஸ் சுடர் காற்றில் படபடத்து அணையப் பார்க்கும், அதைச் சுற்றித் தகரம் வளைத்து வைத்தேன். திறப்பு அடைபட்டதால் சாதம், குழம்பு, ரசம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சுற்றி நடந்தேன். திறப்பு அடைபட்டது என்பதையே ஒருவரும் கவனிக்கவில்லை. பாத்திரம் எந்த வழியாக வந்தாலும் மேசைக்கு வந்துவிடுகிறதே. ஒருமுறை அத்தையிடம், உள்ளே நிற்க முடியவில்லை, அவ்வளவு அனல் என்றேன். "சமையக்கட்டுன்னா அனலாத்தாம்மா இருக்கும்" என்றார். அத்தை அதற்குள் மாடிப்படி ஏறி இறங்கும் அளவுக்குத் தேறியிருந்தார். யாரும் என்னைத் திரும்ப நாவலூருக்குப் போகச் சொல்லவில்லை.

அடுத்த அக்னி நட்சத்திரத்தில் நாத்தனார் குழந்தைகளோடு விடுமுறைக்கு வந்தாள். வீடு நிறைய ஆள். பெரிய குடியிருப்பு ஒன்றின் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த வழியில்லை. காலையில் சமையலறைக்குள் போன நான் மதியச் சமையல் முடிந்தும் வெளியே வரவில்லை, பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். முதுகு முழுக்க வேர்க்குரு, ரவிக்கை பட்டாலே எரிந்தது. ஹாலில் கடல்காற்றில் உட்கார்ந்து எல்லோரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. மாவுக் கையைக் கழுவிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். நான்கு திருகைக் கழற்றி, விசிறியைத் திருப்பி மாட்டினேன், காற்றை மேற்கே இழுக்கும் எக்ஸாஸ்ட் விசிறியையும் அணைத்தேன். இனி சமையலறைக் காற்றை இழுத்து ஹாலுக்குள் தள்ளும். தொழில் தெரிந்தவள் யாரும் அப்படிச் செய்யமாட்டாள். கோபத்தில் செய்தேன், செய்தபோது சுகமாகவே இருந்தது.

ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

"அண்ணி, என்ன இங்க இப்படி அனலடிக்குது?" என்று நாத்தனார் முந்தானையால் விசிறிக்கொண்டாள். குழந்தைகள் சிணுங்கின. மாமா நாற்காலியை நகர்த்திப் பார்த்தார், மின்விசிறியைக் கூட்டிப் பார்த்தார். பஜ்ஜித் தட்டை நான் மேசையில் வைத்தபோது சொன்னார்:

"ஏம்மா, நான் முதல்லயே சொன்னேன் இல்ல? இது வீட்டுக்குச் சரிப்படாது. வேலைய விட்டுடேன், எதுக்கு இந்த அவஸ்தை உனக்கு?"

பரிவாகத்தான் சொன்னார். அதே காற்று, அதே சூடு, ஒரு வருடமாக அடித்த இடத்தில் அவஸ்தை இல்லை. ஹாலுக்கு வந்த ஒரே சாயங்காலத்தில் அவஸ்தையாகிவிட்டது.

என் கணவர் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

"எதுக்குத் திருப்பின? நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு. இந்தப் பக்கம் இருந்தப்போ யாருக்கு என்ன கஷ்டம்?"

"இங்க நான்தானே இருக்கேன்" என்றேன்.

"நீ இருக்க, சரி. வேற யாருக்காவது கஷ்டமான்னு கேட்டேன்."

சண்டைக்காகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் நிதானமாக, மனதுக்குள் எல்லோரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒருவர்கூட விட்டுப்போகவில்லை என்ற நிச்சயத்தோடு கேட்டார். 

மறுநாள் காலை விசிறியைப் பழையபடி திருப்பி மாட்டி, எக்ஸாஸ்ட் விசிறியையும் போட்டேன். வேலையும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு மிஞ்சுவது அடுப்பு மட்டும்தான். அடுப்போடு மட்டும் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அடுப்பின் முன்னால் வெந்துகொண்டு நிற்கச் சம்மதித்தேன். மோட்டார் மூழ்கிக் கிடந்த தண்ணீர் டப்பாவில் தெர்மாமீட்டர் மெதுவாக இறங்கியது. பல் துலக்கிக்கொண்டே வந்த என் கணவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"பாத்தியா, எறங்கிடுச்சு. இதான் கரெக்டான இடம்" என்று என் முதுகில் தட்டினார், வேர்க்குரு மேலேயே.

காற்றுக் கணக்குப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.