சவரி மெதுவாகத்தான் போனான்

நம் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் எனக்கும் செய்தி வந்தது. பெரம்பலூரில் என் லேத் பட்டறையில் டிராக்டர் ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தேன். கை முழுக்க எண்ணெய் என்பதால் முழங்கையால் போனைத் தள்ளிப் பார்த்தேன். "நம்ம சவரி அண்ணன் ஆக்சிடெண்ட்ல போயிட்டாரு. வேகத்துக்கே பொறந்தவரு, வேகத்துலயே போயிட்டாரு" என்று கதிர் போட்டிருந்தான். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். எந்த வண்டியில் போனான், எங்கே, எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. லேத்தை நிறுத்திவிட்டு அவன் மனைவி அமலாவுக்குப் போன் செய்தேன். அழுகையில் அவள் பேசியது பாதி புரியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது. "மொபெட்லதான்க்கா போனாரு. மொளகா அரைச்சிட்டு வரேன்னு போனாரு."

மண் பாதையில் பைக் ஓட்டுகிற நம் குழுவில் இருக்கும் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டீர்கள். அன்றைக்குப் பேசியிருந்தால் மைக்கைத் தூக்கி யார் மேலாவது எறிந்திருப்பேன். மேடையில் ஆளாளுக்கு அவனை 'அவர்' என்றீர்கள். என்னைவிட இளையவன், வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவன். எனக்கு அவன் அவன்தான்.

நடந்தது இதுதான். அரைத்த மிளகாய்த்தூளை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, மொபெட்டின் முன்னால் இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு, குவாரிச் சாலையின் இடது ஓரமாக வந்திருக்கிறான். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரி, தனக்கு முன்னால் போன லாரியை முந்துவதற்காக ஏறி, அவன் போன ஓரத்துக்கே வந்துவிட்டது. பட்டப்பகல். சாலையோர டீக்கடைக்காரர் இதை என்னிடம் விவரமாகச் சொன்னார். போலீசிடம் சொல்ல மாட்டாராம், லாரிக்காரர்களை நம்பித்தான் அவர் கடையே நடக்கிறதாம். சவரியைத் தூக்கியவர்களுக்கு மிளகாய்த்தூள் பட்டுக் கண் எரிந்து தண்ணீராக ஊற்றியதாம். தள்ளி நின்றவர்கள் அவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்தார்களாம். மிளகாய்த்தூள் தூக்கைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு எவனாவது ரேஸ் ஓட்டுவானா? இதைக் கேட்க உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவன் ரேஸ் வண்டியின் கதை உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டீர்கள் என்பதால் திரும்பச் சொல்கிறேன். பாடாலூரில் ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் கோழிகள் அடையும் கொட்டகையில் அது கிடந்தது. மண் பாதைக்கென்றே செய்த பழைய ஃபோர் ஸ்ட்ரோக் ஜப்பான் வண்டி. எப்போதோ இங்கே வேலைக்கு வந்த ஒரு எஞ்சினியர் விட்டுவிட்டுப் போனது. சீட்டில் பஞ்சு இல்லை, சைலன்சருக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டு வந்த அன்று எல்லோரும் எஞ்சினைச் சுற்றி நின்றீர்கள். சவரி எஞ்சினைத் தொடவே இல்லை. சக்கரங்களைக் கழற்றி, பிரேக் டிரம்களை என் கையில் கொடுத்து, லேத்தில் ஏற்றி வட்டம் சரிசெய்து தரச் சொன்னான். "ஓடாத வண்டிக்கு எதுக்குண்ணே பிரேக்கு" என்று கதிர் கேலி செய்தான். சவரிக்குக் கோபமே வரவில்லை. "மொதல்ல நிக்கட்டும். ஓடுறத அப்பறம் பாப்போம்" என்றான். பிரேக் வேலை முடியும்வரை அந்த எஞ்சின் கோணிப்பையில் சுற்றியபடி மூலையில் கிடந்தது.

அந்த வண்டிக்குப் பிஸ்டன் எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் நம் ஊர் வண்டி ஒன்றின் பிஸ்டன் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. அதற்கு ஏற்றபடி சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே நான் கடைந்து முடித்து அளவுக் கருவியை எடுத்தேன். சவரி என் கையைத் தடுத்தான். சூடு ஆறட்டும் என்றான். எனக்கு வேறு வேலை குவிந்து கிடந்தது, கத்தினேன். "சூட்டுல அளந்தா இரும்பும் பொய் சொல்லும்க்கா" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் கம்மங்கூழ் வாங்கிக்கொண்டு வந்து வைத்தான். வீம்புக்கு நான் அப்போதே ஒரு தடவை அளந்தேன். சாயங்காலம் ஆறியபின் அளந்தபோது வேறு அளவு காட்டியது. அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. கூழ் குடித்த சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

வண்டியை டியூன் செய்தது அரியலூர்ப் பக்கத்தில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் பள்ளத்தில். அங்கேதானே நம் எல்லோருக்கும் டிராக். கார்புரேட்டருக்குள் எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்று முடிவு செய்வது மெயின் ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை பெரிதானால் பெட்ரோல் அதிகம், சிறிதானால் குறைவு. வண்டி ஓட ஓடக் கரும்புகை கக்கியது. பெட்ரோல் அதிகம் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைவிடச் சிறிய துளையுள்ள ஜெட்டாக மாற்றிக்கொண்டே போனான். ஒரு நாள் புகை நின்று, சத்தம் தெளிந்து, கேட்கவே இனிமையாக ஓடியது. எல்லோரும் கைதட்டினோம். கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயத்துக்குப் போனோம். நல்ல நாளும் பொழுதுமாகப் போகிறோமே என்று காற்று வடிகட்டியைப் புதிதாக மாற்றினான். இரண்டாவது சுற்றில், மேட்டில் ஏறும்போது எஞ்சின் கொதித்து இறுகி நின்றுவிட்டது.

திரும்பி வரும் வழியில் என்ன பேசினீர்கள் என்பது எனக்கு மறக்காது. கதிரின் மினி லாரியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். "பொம்பள கடைஞ்ச சிலிண்டரு, வேற எப்படி இருக்கும்" என்றது ஒரு குரல். சிலர் சிரித்தீர்கள். பட்டறைக்கு வந்ததும் சவரி பழைய வடிகட்டியைத் தேடி எடுத்தான். தன் வெள்ளைத் துண்டைத் தரையில் விரித்து, எல்லோரையும் சுற்றி நிற்கச் சொல்லி, அதன்மேல் தட்டினான். சுண்ணாம்புத் தூசி கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தத் தூசி காற்றை அடைத்ததால்தான் அத்தனை நாளும் கரும்புகை. அடைத்த காற்றுக்கு ஏற்றபடி அவன் பெட்ரோலைக் குறைத்திருக்கிறான். புது வடிகட்டி வழியாகக் காற்று தாராளமாகப் போனதும் பெட்ரோல் போதாமல் எஞ்சின் வெந்துவிட்டது. "அக்கா கடைஞ்சது சரி. தப்பு என்னுது" என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னான். பிறகு என்னிடம் சொன்னான்: "நம்ம ஊருப் புழுதிக்குப் பழகிட்டோம்க்கா. அது இருக்குறதே கண்ணுக்குத் தெரியல." அவன் பேசாமல் இருந்திருந்தால் என் பட்டறைப் பெயர் அன்றோடு கெட்டிருக்கும். பேச வேண்டும் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

மறுபடியும் கடைந்தோம். சுத்தமான வடிகட்டியோடு டியூன் செய்து சரியான ஜெட்டைக் கண்டுபிடித்தான். அடுத்த பந்தயத்தில் புது வண்டிகளுக்கு நடுவே இரண்டாவதாக வந்தான். வண்டியோடு அவன் அந்தரத்தில் பறப்பதாக உங்கள் எல்லோருடைய போனிலும் இருக்கும் அந்தப் போட்டோ அங்கே எடுத்ததுதான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. "அந்தரத்துல யாரு வேணா இருக்கலாம்க்கா. அதுல நா ஒன்னும் பண்ணல. எறங்குன அப்பறந்தான் வேலையே" என்றான். வளைவில் பிரேக் பிடித்துத் திரும்பும்போதுதான் அவன் மற்றவர்களை முந்தினான். அதை ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை.

சாலையில் அவன் எப்படிப் போவான் என்று உங்களுக்குத் தெரியாதா? அவன் மொபெட்டுக்கு நீங்கள் வைத்த பெயரே மாட்டுவண்டி. பின்னால் வந்து ஹாரன் அடித்து, "அண்ணே, வைக்கோல் போடவா" என்று கேட்பீர்கள். திருமழபாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சாப்பாட்டுப் பந்தி முடிந்தபிறகு வந்து சேர்ந்தான் என்று ஒரு வருடம் அவனை ஓட்டினீர்கள். ஏன்ப்பா இப்படி ஊர்கிறாய் என்று நானும் கேட்டிருக்கிறேன். "டிராக்ல எல்லாரும் ஒரே பக்கமா போறாங்கக்கா. ரோட்டுல அப்படியா" என்றான்.

அந்த ஆளுக்குத்தான் அரியலூர் ரவுண்டானாவில் பிளக்ஸ் வைத்தீர்கள். பறக்கும் போட்டோ. 'மின்னலையே முந்திய மாவீரன்' என்று ஆள் உயர எழுத்து. கீழே உங்கள் எல்லோருடைய முகமும் வரிசையாக, ஆளுக்கொரு கூலிங் கிளாஸோடு. மூன்றாம் நாள் காரியத்துக்கு முன்பே லாரி முதலாளியின் ஆள் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். இவர் கூட்டாளிகளே போட்டிருக்கிறார்கள் பாருங்கள், ரேஸ்காரர், கண்மண் தெரியாமல் வந்து அவராகவே மோதிக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறான். காரியம் முடிந்து பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் அமலா எனக்குப் போன் செய்தாள். "அந்த பேனர எறக்கச் சொல்லுங்கக்கா. பள்ளிக்கூடத்துல எம்புள்ளயப் பாத்து, ஒங்கப்பா ரேஸ் உட்டுத்தானே செத்தாருன்னு கேக்குறாங்க" என்றாள்.

பஸ் ஏறி அரியலூர் போய், ஸ்டூல் போட்டு ஏறி, நானே கயிற்றை அறுத்தேன். கதிர் ஓடி வந்தான். அன்பினால்தான் வைத்தோம், இப்படிச் செய்யலாமா என்று கேட்டான். நான் அறுத்துக்கொண்டே இருந்தேன். அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். "அண்ணன நாந்தான்க்கா தூக்குனேன். ரெண்டு நாளு கண்ணு எரிச்சல் போவல" என்றான்.

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். "அப்போ நீ டீக்கடையில இருந்திருக்க" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "லாரி ஏறி வந்ததப் பாத்த" என்றேன். "என் லாரியும் அதே குவாரிலதான்க்கா ஓடுது" என்றான். பார்த்துவிட்டு, தூக்கிவிட்டு, கண்ணைக்கூடத் துடைக்காமல், 'வேகத்துலயே போயிட்டாரு' என்று போனில் தட்டியிருக்கிறான். தெரிந்தே எழுதினாயா என்று கேட்டேன். எல்லோரும் வழக்கமாக அப்படித்தானே போடுவார்கள், சும்மா கை போன போக்கில் போட்டுவிட்டேன் என்றான். பொய் சொல்ல வேண்டும் என்றுகூட அவன் நினைக்கவில்லை. அந்தச் சாலையில் யார் செத்தாலும் செத்தவன் வேகம் என்று எழுதி நமக்கெல்லாம் பழகிவிட்டது.

இப்போது அவன் பெயரில் நினைவுப் பந்தயம் நடத்தப் போகிறீர்களாம். முதல் சுற்று அவன் வண்டியில் ஓட்டி அஞ்சலி செலுத்த வேண்டுமாம், வண்டியைக் கொடுங்கள் என்று ஆள் அனுப்புகிறீர்கள். அமலா அதை என் பட்டறையில்தான் விட்டிருக்கிறாள். தாராளமாக வந்து பாருங்கள். துடைத்து வைத்திருக்கிறேன், பிரேக் இன்றைக்கும் பிடித்த இடத்தில் நிற்கிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகாது. மெயின் ஜெட்டைக் கழற்றிவிட்டேன்.

நான் ஸ்டேஷனுக்குப் போய் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் சாலையில் எப்படிப் போகிறவன் என்று சொன்னேன். நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வாரமே லாரி ஷெட்டுகளிலிருந்து என் பட்டறைக்கு வரும் வேலை நின்றுபோனது. நிற்கட்டும், டிராக்டர் வேலை இருக்கிறது.

கதிர், உனக்குத்தான் சொல்கிறேன். நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் தூக்கியிருக்க மாட்டாய். ஆனால் உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் லாரிக்காரன்மேல்கூட இல்லை. சவரியிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத அந்தப் பித்தளைத் துண்டுதான். பட்டறையில் போடும் சட்டையின் பையில் வைத்திருக்கிறேன். குனிந்து நிமிரும்போதெல்லாம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டேஷனுக்குப் போய், அவன் ஓரமாகத்தான் வந்தான், மெதுவாகத்தான் வந்தான் என்று உன் வாயால் சொல்லிவிட்டு வா. வண்டியை நானே தள்ளிக்கொண்டு வந்து, உன் கண் எதிரிலேயே ஜெட்டை மாட்டித் தருகிறேன்.