பட்டு உடுத்திய வின்ச்

தென்னேரி ஏரிக்கரைச் சேற்றில் நண்பரின் ஜீப் அச்சு வரை புதைந்து நிற்கிறது. நண்பர் பதறுவதாக இல்லை. இழுத்து வெளியே எடுக்கத்தான் வண்டி முன்னால் கம்பி வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச் இருக்கிறதே! காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அதற்குச் சரிகைக் கரையோடு பட்டிலேயே உறை தைத்துப் போட்டிருக்கிறார். பெருமையாகக் கழற்றுகிறார். உள்ளே கம்பி வடம் துருவேறி ஒரே கட்டியாக இறுகிக் கிடக்கிறது. மேலே ஆயுத பூஜைச் சந்தனம், குங்குமம்.

அந்த வழியாக வந்த டிராக்டர்காரர் இறங்கி எட்டிப் பார்க்கிறார். "ஏன் சார், இத்த என்னிக்காச்சும் பிரிச்சி, தொடச்சி, எண்ண போட்டு சுத்தினீங்களா?"

"வருஷா வருஷம் பூஜை போடறேனே!"

"சாமிக்கே துணிய அவுத்துட்டு எண்ணக்காப்பு போடறாங்க சார். இதுக்கு வெறும் பொட்டுதானா?"

அவருடைய தாம்புக் கயிற்றில் ஜீப் கரையேறுகிறது. நண்பர் முதல் வேலையாக வின்ச்சுக்குப் பட்டு உறையை மாட்டுகிறார். தூசு படக் கூடாதாம்.