பூங்கொடியின் குரல் எங்கே போனது?

போன புதன்கிழமை திருச்செங்கோட்டில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து என்னை வெளியே அனுப்பினார்கள். பாடியதற்காக அல்ல... நடந்ததற்காக.

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது அதனால்தான். அப்புறம் போர்வெல் ரிக் வண்டியில் மாநிலம் மாநிலமாகச் சுற்றினேன். கம்ப்ரசர் பக்கத்தில் நின்று நின்று இடது காது போனது. வலது இருக்கிறது. ஓர் ஆளுக்கு அது போதும்.

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேலே ஓர் அறை, சுவரெல்லாம் ஜமுக்காளம். கீழே மெஷின் நிற்கும் சாப்பாட்டு நேரத்தில்தான் ரெக்கார்டிங். நடத்துபவன் குணா, எனக்குத் தம்பி மாதிரி.

அன்று பாட வந்தவர் பூங்கொடி. ரிக் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறார். செங்கோட்டுவேல் என்கிற ரிக் ஓனர் தன் புது வண்டியின் பூஜைக்காக ஒரு சாமி பாட்டு கேட்டிருந்தார். முதல் பதிவைக் கேட்டுவிட்டு, "மோளந்தான் கேக்குது, அம்மிணி குரலக் காணமே" என்றாராம். இன்றைக்கும் கேட்கவில்லை என்றால் ஈரோட்டிலிருந்து வேறு பாடகி.

பூங்கொடிக்கு நல்ல குரல்தான். ஆனால் மெல்லிசு.

"பள்ளிக்கூடத்துல இருந்தே என்னையக் கோரஸ்லதானுங்க நிறுத்துவாங்க. தனியாப் பாடறது இதுதான் மொதத் தடவைங்க" என்றார்.

குணா அந்தப் பழைய பதிவைப் போட்டுக் காட்டினான். குரலை ஏற்றினான். கூடவே மூச்சும் ஏறியது... தெருவில் போன லாரியின் ஹாரனும் ஏறியது.

"பஞ்சரான டயராட்டம் இருக்குதுடா" என்றேன். அவன் முறைத்தான். பூங்கொடி சிரித்துவிட்டார்.

மறுபடி ரெக்கார்டிங். மைக்கை அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்தான். ஹெட்போனில் அவர் குரலை அவருக்கே குறைத்தான். ஏன்? தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்டால் இப்படிப்பட்டவர்கள் இன்னும் அடக்கிப் பாடுவார்களாம்! குறைத்ததும் அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. நான் நடந்துகொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா, உங்க செருப்புச் சத்தம் மைக்ல உழுகுது. செத்த வெளிய போங்க!" என்றான் குணா.

போனேன். டீ குடித்தேன். பஸ் ஸ்டாண்டு வரை போய் வந்தேன். திரும்பியபோது மிக்ஸிங். இந்த முறை குரலைப் பெரிதாக ஏற்றவில்லை, மற்றவற்றை இறக்கிக்கொண்டிருந்தான். கீபோர்டில் குரலோடு மோதுகிற சத்தத்தை மட்டும் வெட்டினான். அவர் பாடுகிற வரிகளில் நாதஸ்வரத்தை அடக்கினான். வரி முடிவில் தேய்ந்துபோன சொற்களை ஒவ்வொன்றாகக் கைதூக்கிவிட்டான். எதிரொலியைக் குறைத்ததும், மண்டபத்தின் கடைசியில் நின்ற பெண் முன்வரிசைக்கு வந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம், கீழே கடை மூடியதும் செங்கோட்டுவேல் வந்தார். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாட்டு ஓடி முடிந்தது.

"கேக்கலயேப்பா..."

பூங்கொடி ஹேண்ட்பேக்கை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். குணா பாட்டை மறுபடி ஓடவிட்டான். அவன் கை குரலை ஏற்றப் போனது.

நான்? நடந்துகொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் போகும்போது பூங்கொடி பாடுகிறார். கதவுப் பக்கம் திரும்பினால் மேளம் மட்டும். மறுபடி போனேன் — இருக்கிறார். வந்தேன் — இல்லை. அட! என் செத்துப்போன இடது காது ஸ்பீக்கர் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தப் பெண் காணாமல் போகிறார்.

சோபாவைப் பார்த்தேன். ஸ்பீக்கர் ஓனருக்கு இடது பக்கம்.

"ஏனுங்ணா, வண்டியில நிக்கறப்ப கம்ப்ரசர் உங்களுக்கு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டேன்.

"இடது பக்கந்தான். ஏன்?"

"செத்த எந்திரிச்சு அந்தக் கோடிக்கு வந்து, இப்படித் திரும்பி உக்காருங்க."

"பாட்டுக் கேக்க வந்தா பரேடு உடறயா?" என்று முனகிக்கொண்டே மாறி உட்கார்ந்தார். இப்போது ஸ்பீக்கர் அவருக்கு வலது பக்கம்.

முதல் வரியிலேயே நிமிர்ந்தார். பாட்டு முடிந்ததும் பூங்கொடி பக்கம் திரும்பினார்.

"இது நீ பாடுனதா சாமி?"

"நாந்தானுங்க."

"அந்தப் பைய எறக்கி வெய்யி. குணா, ஈரோட்டுக்காரங்கள வர வேண்டாம்னு சொல்லிரு. இன்னொருக்காப் போடு."

"சத்தமாப் பேசு" என்று நாம் எத்தனை பேரை அதட்டியிருப்போம்? அதற்கு முன் ஒரு தடவையாவது எழுந்து இடம் மாறி உட்கார்ந்திருக்கிறோமா?

வெள்ளிக்கிழமை பூஜை. புது வண்டியின் மேலே ஸ்பீக்கரில் பூங்கொடி பாடினார். சுற்றி நின்ற ரிக்காரர்கள் எல்லோரும் தலையை ஒரே பக்கம் திருப்பி, வலது காதைக் கொடுத்து அசையாமல் கேட்டார்கள்.

ரோட்டில் போனவர்கள் அதைப் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.