பார்லர் அக்காவின் கீழுதடு

புருவம் திருத்தும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாள். “கண்ணைத் திறக்காத, அசையாத, உன் மாமியார் என்னதான் சொன்னாங்க?” மூன்றும் ஒரே மூச்சில் வரும். நாற்காலியில் சாய்ந்திருப்பவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு புருவம் முடிந்திருக்கும். பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் பார்லர் அக்காதான்.

மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறை. வருகிறவர்களில் யாருக்கு மூக்கு கோணல், யாருக்கு நெற்றி ஏறுகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே மூச்சு விடமாட்டாள். “மூஞ்சியப் பத்தி மூஞ்சிக்கு நேராத்தான் பேசுவேன்” என்பாள்.

தன் முகத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசியதில்லை. இரண்டு வருடம் முன்பு, உதட்டை உப்பவைக்கும் ஜெல்லையும், ஊசியில்லாமல் அதைத் தோலுக்குள் பாய்ச்சும் பேனாவையும் ஆன்லைனில் வாங்கித் தானே போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் கீழுதட்டில் பாதி வெளுத்துப்போனது. வலியில் உயிர் போனது. தோல் டாக்டரிடம் ஓடினாள். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று சொல்லி, ஜெல்லைக் கரைக்கும் மருந்தைப் போட்டார் அவர். “இன்னும் தாமதிச்சிருந்தா உதடே அழுகியிருக்கும்மா.”

உதடு பிழைத்தது. உள்ளே ஒரு கட்டி மட்டும் தங்கிவிட்டது. அதை அடர்ந்த லிப்ஸ்டிக்கால் மூடிவைத்தாள். விஷயம் தெரிந்தால் எவள் இவளிடம் முகத்தைக் கொடுப்பாள்?

போன வாரம் துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி பையிலிருந்து அதே மாதிரிப் பேனாவை எடுத்தாள்.

“கடையில எல்லாரும் சப்பமூக்கின்னு கூப்பிடறாங்கக்கா. இதைப் போட்டா மூக்கு எடுப்பாயிடுமாம். எனக்குக் கை நடுங்குது, நீங்க போட்டுவிடுங்க.”

“வேணாம்டி. வம்பு.”

“சும்மா பயமுறுத்தாதீங்க. எத்தனை பேர் போட்டுக்கிட்டு ஜம்முனு இருக்காங்க!”

அக்கா போய்க் கதவைச் சாத்தினாள். ஈரத்துணியால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்துக் கட்டியின்மேல் வைத்தாள்.

“தொட்டுப் பாரு. நானே போட்டுக்கிட்டதுதான். நல்லவேளை, உதட்டோட போச்சு. மூக்குல போட்டு ஏடாகூடமாச்சுன்னா கண்ணே போயிடலாம்னு டாக்டர் சொன்னார்.”

விரல் அங்கேயே நின்றது. “வலிக்குதாக்கா?”

“இப்ப இல்ல.”

பெண் பேனாவைக் குப்பைக்கூடையில் போட்டாள். மூக்கைத் தடவிக்கொண்டாள். “புருவமாவது திருத்திவிடுங்க” என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

அப்போது வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அக்காவின் கை லிப்ஸ்டிக்கை நோக்கிப் போய், பாதியில் நின்றது. வெறும் உதட்டோடு போய்க் கதவைத் திறந்தாள்.